சிலை வைக்கப் போற பேராண்டிக்குத் தாத்தா சொல்லுத புத்தி

ஏலே பேராண்டி,

நீ அனுப்புன திட்ட அறிக்கையை உங்க அம்மை போன்ல எழுத்தைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணி எனக்கு வாசிச்சுக் காட்டுனா. நல்லாத்தான் எழுதியிருக்கே. மாசச்சூசெட்ஸ் மாநிலத்துல உங்க ஊரு, ஊருக்கு ஒரு நூலகம், நூலகத்துக்கு முன்னால புல்வெளி, அந்தப் புல்வெளியில ஒரு குழந்தைப் புத்தகத்துக்கு வெண்கலச் சிலை. கமிட்டிக்குத் தலைவர் உண்டு, துணைத்தலைவர் உண்டு, செயலாளர், பொருளாளர் உண்டு, சமூக ஊடகத்துக்குன்னு தனியா ஒரு பொறுப்பாளரும் உண்டு. சின்னம் வரைஞ்சாச்சு. பனியன் அடிச்சாச்சு. எந்தப் புத்தகத்துக்குச் சிலைங்கறது மட்டும் அடுத்த கூட்டத்துல முடிவாகுமாம். அவசரமே இல்ல. பனியன்ல முதுகுப் பக்கம் இடம் விட்டிருப்பீங்கன்னு நம்புதேன்.

"அம்மன் கொடைக்கு வரி பிரிச்ச ஆளுதானே தாத்தா நீங்க, யோசனை சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கே. சொல்லுதேன். கேட்டுட்டு உன் இஷ்டப்படியே செய்யி. உங்க அப்பனும் அப்படித்தான் செஞ்சான்.

முதல்ல புத்தகம். அதைக் கமிட்டியில ஓட்டுக்கு விட்டுராதே. ஓட்டுக்கு விட்டா, தான் சின்னதுல படிச்சேன்னு எதைச் சொன்னா மரியாதையோ அதுக்குத்தான் பெரிய மனுசங்க கை தூக்குவாவ. நீ ஒரு வேலை செய்யி. உங்க ஊரு நூலகத்துல குழந்தைகள் பகுதிக்குப் போயி, எந்தப் புத்தகம் அதிகமா அட்டை கிழிஞ்சு, டேப்பு ஒட்டி, ரெண்டு மூணு தடவை புதுசா வாங்கி வச்சதுன்னு நூலகத்து அம்மாகிட்ட கேளு. மூலையில பல்லுத்தடம் இருக்கா, பக்கத்துக்கு நடுவுல ஜாம் ஒட்டியிருக்கான்னு பாரு. விருது வாங்குன புத்தகத்துக்கு அலமாரி இருக்கு. கடி வாங்குன புத்தகத்துக்குத்தான் சிலை.

உன் வீட்டுக்கு நாங்க வந்திருந்தப்ப பாஸ்டன் பப்ளிக் கார்டனுக்குக் கூட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? உங்க பாட்டி மூட்டு வலிக்குன்னு உக்காந்துட்டா. நான் மட்டும் அங்க இருக்குத வெண்கல வாத்துக் கூட்டத்தைச் சுத்திச் சுத்தி வந்தேன். நீ போட்டோ எடுத்துட்டு, "வாங்க தாத்தா, பார்க்கிங் நேரம் முடியுது"ன்னு இழுத்துட்டு வந்துட்டே. நீ படிக்க வேண்டிய பாடம் முழுசும் அந்த இடத்துல தரையில கிடந்துது. நீ பார்க்கிங் மீட்டரைப் படிச்சே.

அந்த வாத்துக் கதையை ராபர்ட் மெக்ளாஸ்கி எழுதிப் படமும் போட்டது 1941-ல. மறு வருசமே கால்டிகாட் பதக்கம் வாங்கிட்டு. ஒரு வாத்து சோடி குஞ்சு வளர்க்க இடம் தேடி பாஸ்டன் பூராவும் அலையுது. கடைசியில தாய் வாத்து எட்டுக் குஞ்சுகளை வரிசையாக் கூட்டிட்டு நடுரோட்டைக் கடக்குது. மைக்கேல்னு ஒரு போலீஸ்காரரு வண்டி அம்புட்டையும் நிறுத்தி வழி விடுதாரு. இவ்வளவுதான் கதை. குஞ்சுகளுக்குப் பேரு ஜாக், காக், லாக், மாக்னு ஆரம்பிச்சு, இங்கிலீஷ் எழுத்து ஜே-லேர்ந்து க்யூ வரைக்கும் போகும். அந்த ஆளு வாத்து எப்படி நடக்கும், எப்படித் திரும்பும்னு பாக்கிறதுக்காக நியூயார்க்ல தன்னோட வீட்டுக்குள்ளயே உசுரு வாத்துகளைக் கொண்டாந்து விட்டாரு. குளிக்குத தொட்டியில நீந்த விட்டாரு. அதுக வேகமா ஓடுது, வரைய முடியலன்னு கொஞ்சம் சிவப்பு ஒயினும் ஊத்திக் குடுத்தாராம். புத்தகத்துக்காக வாத்துக்கு ஊத்துன ஆளு அவரு. உங்க கமிட்டி, புத்தகத்தை முடிவு பண்ணுததுக்கு முன்னாலயே தனக்கு ஊத்திக்கிட்டிருக்குன்னு உங்க அம்மை சொன்னா. 'அறிமுக மாலை விருந்து'ன்னு கணக்குல எழுதியிருக்காமே.

சிலைக்கு வாரேன். கமிட்டி எதுவும் கூடுறதுக்கு முன்னால, அந்தக் கதையைத் தன் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுன ஒரு தாய் சிற்பி நான்சி ஷான்கிட்ட போயி, இதைச் சிலையா வச்சா என்னன்னு கேட்டா. அங்கேர்ந்துதான் எல்லாம் கிளம்புச்சு. பெறகுதான் பப்ளிக் கார்டனைப் பேணுறதுக்குன்னு 1970-லேர்ந்து இருக்குத நண்பர்கள் சங்கம் கூடச் சேர்ந்துது. தோட்டத்துக்கு 150 வயசு ஆன 1987-ல, அக்டோபர் 4-ஆம் தேதி திறந்து, நகரத்துக்குப் பரிசாக் குடுத்தாவ. பழைய பாஸ்டன் தெருக்கல்லு பாவி 35 அடி நீளத்துக்கு ஒரு பாதை, அதுல ஒன்பது வாத்து. தாய் வாத்து 38 அங்குல உயரம். பீடம் கிடையாது. கம்பி வேலி கிடையாது. மேடை கிடையாது. பிள்ளைக ஏறி உக்காந்து உக்காந்து முதுகெல்லாம் பளபளன்னு ஆயிட்டு.

நீ அனுப்புன படத்துல எட்டடி உயரப் பீடம் பாத்தேன். யாரு ஏறுவா அதுல? மேயரா?

பீடம் எதுக்குன்னு எனக்குத் தெரியும்லே. நன்கொடை குடுத்தவங்க பேரைப் பொறிக்க இடம் வேணும்னுட்டு. அதுக்கு வேற வழி இருக்கு, பின்னால சொல்லுதேன்.

இப்ப அனுமதி. புத்தகம் ஊருக்குப் பிடிச்சதுன்னா ஊருக்குச் சொந்தம்னு நெனச்சிராதே. அமெரிக்காவுல அந்தக் காலத்துப் புத்தகத்துக்கு 95 வருசம் உரிமை உண்டு. மெக்ளாஸ்கி புத்தகம் 2036 முடியுத வரைக்கும் பூட்டுக்குள்ளதான் இருக்கும். சிலைன்னு போயிக் கேட்டப்ப அந்த ஆளு முதல்ல தயங்குனாரு. தாள்ல வரைஞ்ச வாத்தைத் தூக்கி நிறுத்துனா அது தன் வாத்தா இருக்குமான்னு வரைஞ்சவனுக்கு ஒரு பயம் இருக்கத்தானே செய்யும்? களிமண்ணுல பெருசாச் செஞ்சு காட்டி, அவரு கண்ணால பாத்து, மனசு தேறித்தான் ஒத்துக்கிட்டாரு. காசு பிரிக்கிறதுக்கு முன்னால முடிக்க வேண்டிய வேலை இது. நீ பனியன்தான் முதல்ல அடிச்சிருக்கே.

பழைய கதையா எடுத்தா இந்தத் தொல்லை இல்லையேன்னு உங்க துணைத்தலைவர் கேப்பாரு. கேக்கட்டும். ஆலிஸ் கதையை யாரும் எடுக்கலாம், 1865-ல வந்தது. ஆனா உங்க கமிட்டியில முக்கால்வாசிப் பேரு மனசுல இருக்குத ஆலிஸ் மூஞ்சி, டிஸ்னி கம்பெனி 1951-ல வரைஞ்ச மூஞ்சி. அதை வெண்கலத்துல ஊத்துனா திறப்பு விழாவுக்கு மொத ஆளா வக்கீல்தான் வருவாரு. சிற்பிக்கும் உரிமை உண்டு, அதையும் எழுதி வாங்கிக்கோ. கோபன்ஹேகன் கடற்கன்னி சிலை இருக்கே, அதைச் செஞ்ச எட்வர்ட் எரிக்சன் 1959-ல செத்துட்டாரு. அவரு வாரிசுக இன்னிக்கும் உரிமையை விடல. ஒரு பத்திரிகை அந்தக் கன்னியைப் பேய் மாதிரி கேலிப்படம் போட்டுச்சுன்னு வழக்குப் போட்டு, ரெண்டு கோர்ட்டுல ஜெயிச்சு, 2023-ல டென்மார்க் உச்ச நீதிமன்றம் வந்துதான் பத்திரிகையை விடுவிச்சுது. உன் சிலையை நீயே போட்டோ எடுத்துப் பனியன்ல போட, சிற்பி பேரன்கிட்ட உன் பேரன் போயி நிக்கணுமா?

எழுதுனவரு உசுரோட இருந்தா இன்னும் விசேஷம். அந்தக் கடற்கன்னிக் கதையை எழுதுன ஆண்டர்சனுக்கு நடந்தது தெரியுமால? கோபன்ஹேகன்ல அவரு எழுபது வயசுக்கு ஊரே காசு பிரிச்சு அவருக்குச் சிலை வைக்க ஏற்பாடு பண்ணுச்சு. சிற்பி மாதிரி வரைஞ்சு கொண்டு போறாரு: ஆண்டர்சன் உக்காந்து கதை வாசிக்காரு, சுத்திப் பிள்ளைக சாஞ்சிக்கிட்டும் மேல ஏறிக்கிட்டும் இருக்கு. கிழவனுக்கு வந்துதே கோவம்! யாரும் மேல சாஞ்சு நின்னா எனக்கு வாசிக்கவே வராது, என் கதைக பிள்ளைகளுக்கு மட்டும்னு எவன் சொன்னான், எடு அந்தப் பிள்ளைகளைன்னுட்டாரு. 1875-ல அவரு செத்துப் போனாரு. 1880-ல ரோசன்போர்க் அரண்மனைத் தோட்டத்துல சிலை வந்துது. ஒத்தையா உக்காந்திருக்காரு, ஒரு பிள்ளை கூடக் கிட்ட இல்ல.

ஆனா காலம் சும்மா விடுமா? 1956-ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல, அவரு பிறந்து 150 வருசம் ஆனதுக்காக இன்னொரு சிலை வச்சாவ. டேனிஷ் அமெரிக்கப் பெண்கள் சங்கம் முன்னால நின்னு பிரிச்ச காசு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் போட்டுதுக. மடியில புத்தகத்தை விரிச்சு வச்சு உக்காந்திருக்காரு. எதுக்க வாத்துக் குஞ்சு ஒண்ணு. விடிஞ்சா அடைஞ்சா ஏதாவது ஒரு பிள்ளை அந்த மடியில ஏறிக்கிட்டே இருக்கு. கோடைக்காலத்துச் சனிக்கிழமைகள்ல பக்கத்துலயே கதை வேற சொல்லுதாவ. சாகும்போது எதை வேண்டாம்னாரோ, அதுக்குன்னே ஒரு மடியைச் செஞ்சு வச்சிட்டான் அமெரிக்காக்காரன்.

அவரைப் பத்தி இன்னொண்ணும் உண்டு, வசூல்காரன் கட்டாயம் கேக்க வேண்டியது. 1874 வாக்குல, இம்புட்டுக் கதை எழுதுன மனுசன் வயசான காலத்துல வறுமையில கிடக்காருன்னு அமெரிக்கப் பத்திரிகை ஒண்ணு கிளப்பிவிட, அங்குள்ள பிள்ளைகள்கிட்ட காசு பிரிக்க ஆரம்பிச்சுட்டாவ. அவரு வறுமையில இல்ல. கூச்சப்பட்டு, அய்யா எனக்கு வேண்டாம்னு கடுதாசி எழுத வேண்டியதாப் போச்சு. வாங்குறவனைக் கேக்காமலே வசூல் கிளம்புறது நம்ம பக்கத்துலதான்னு நெனச்சிருந்தேன்.

சரி, காசுக்கு வருவோம். காசு வார வழி எத்தனைன்னு பாத்தா அதிகமில்ல. தானே போடலாம். பணக்காரன் ஒருத்தனைப் பிடிக்கலாம். கம்பெனிக்காரன்கிட்ட கேக்கலாம். வீடு வீடாப் பிரிக்கலாம்.

தானே போட்டவரு ஜே. எம். பாரி. பீட்டர் பேன் எழுதுனாரே, அவருதான். லண்டன் கென்சிங்டன் தோட்டத்துல 1912-ல, மே மாசம் முதல் தேதி விடியறப்ப பிள்ளைக வந்து பாத்தா சிலை நிக்கிது. ராத்திரியோட ராத்திரியா வச்சாச்சு. கமிட்டி இல்ல, திறப்பு விழா இல்ல, பொன்னாடை இல்ல. பத்திரிகையில ஒரு சின்ன அறிவிப்பு, அம்புட்டுத்தான். தன் புத்தகத்துக்குத் தானே விளம்பரமாச் சிலை வச்சுக்கிட்டாருன்னு நாடாளுமன்றத்துல கேள்வியே கேட்டாவ. அவருக்கு அதைவிடப் பெரிய மனக்குறை, ஜார்ஜ் ஃபிராம்ப்டன் செஞ்ச பையன்கிட்ட அந்தக் குறும்பு வரலியேங்கறது. சொந்தக் காசு போட்டவனுக்குச் சிலையைக் குறை சொல்ல உரிமை உண்டு. உனக்குக் கிடையாது, நீ ஊர்க் காசுல வைக்கே. பெறகு 1929-ல பீட்டர் பேன் உரிமையையே கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு எழுதி வச்சிட்டாரு. அந்தக் காசு நிக்கக்கூடாதுன்னு 1988-ல பிரிட்டன்ல பதிப்புரிமைச் சட்டத்துலயே தனியா ஒரு பிரிவு போட்டாவ. சிலை வச்சப்பக் கேள்வி கேட்டது நாடாளுமன்றம். ஆஸ்பத்திரிக்குச் சட்டம் போட்டதும் நாடாளுமன்றம்தான். நின்னுதாம்ல அவரு பேரு.

பணக்காரனைப் பிடிக்கிறது அடுத்தது. சென்ட்ரல் பார்க்லயே ஆலிஸ் சிலை இருக்கு, 1959-ல வச்சது, 11 அடி. காசு ஜார்ஜ் டெலகோர்ட்டோடது. டெல் பதிப்பகத்தை ஆரம்பிச்சவரு, காமிக்ஸும் மலிவு விலைப் புத்தகமும் போட்டுச் சம்பாதிச்சவரு. செத்துப்போன பொண்டாட்டி மார்கரீட்டா பிள்ளைகளுக்கு ஆலிஸ் கதை வாசிச்சுக் காட்டுவாளாம். அவ நினைவா வச்சாரு. ஜோசே டி கிரீஃப்ட் செஞ்சது. பெரிய காளான் மேல ஆலிஸ், கிட்டத்துல கிறுக்குத் தொப்பிக்காரன். அந்தத் தொப்பிக்காரன் மூஞ்சி டெலகோர்ட் சாடையில இருக்குன்னு சொல்லுதாவ. காசு போட்டவன் மூஞ்சியைக் கிறுக்கனுக்கு வச்சும் அவரு சிரிச்சுக்கிட்டே இருந்தாருன்னா அவருதாம்ல புரவலர். உங்க ஊரு நிலத்தரகர் ஒருத்தர் பெருந்தொகை தாரேன்னு சொல்லியிருக்காருன்னு எழுதியிருக்கே. அவரு மூஞ்சி எதுக்குப் பொருந்தும்னு முதல்லயே நைசாக் கேட்டு வச்சுக்கோ.

பணக்காரன்கிட்ட போறப்ப உன் திட்ட அறிக்கையைக் கொண்டு போகாதே. அந்தப் புத்தகத்தைக் கொண்டு போ. மேசை மேல வை. வாயை மூடிக்கிட்டு உக்காரு. அவரு எடுத்துப் புரட்டுவாரு. ஏதாவது ஒரு பக்கத்துல நிப்பாரு. எங்க அம்மை இந்தப் பக்கத்துல குரலை மாத்தி வாசிப்பான்னு சொல்ல ஆரம்பிப்பாரு. அப்பவும் பேசாதே. கலைக்கோ நகர அழகுக்கோ எவனும் செக்கு எழுதுறதில்லலே. தன்னை மடியில வச்சு வாசிச்சவளுக்குத்தான் எழுதுதான். நீ நடுவுல பூந்து 'பங்களிப்பு நிலைகள் வெள்ளி, தங்கம், பிளாட்டினம்'னு சொன்னியோ, அம்மையும் போயிருவா, செக்கும் போயிரும்.

கம்பெனிக்காரன் காசு வேகமா வரும். அது வந்தா கூடவே படம் ரிலீஸ் தேதியும் வரும். இங்கிலாந்துல நியூபரி ஊர்ல பேடிங்டன் கரடிக்குச் சிலை வச்சது அப்படித்தான், புதுப் படம் வார நேரத்துல. கதை எழுதுன மைக்கேல் பாண்ட் பிறந்த ஊரு அது. பெஞ்சுல கரடி உக்காந்திருக்கும், பக்கத்துல நாமளும் உக்காரலாம். 2025 மார்ச்சுல விமானப்படைக்காரப் பையன்க ரெண்டு பேரு ராத்திரி நல்லா ஏத்திக்கிட்டு வந்து, கரடியைப் பாதியாப் பிச்சு எடுத்து, டாக்சி பிடிச்சு முகாமுக்குக் கொண்டு போயிட்டானுவ. பிடிபட்டு, தண்டனையாச் சமூக வேலையும் செஞ்சு, சரி பண்ணுத காசுல ஆளுக்கு 2,725 பவுண்டும் கட்டுனானுவ. ஒரு நாட்டோட வானத்தைக் காக்குறவன் கரடியைத் தூக்கிட்டுப் போறான், உங்க ஊரு சிலைக்கு யாரு காவல்?

இதுக்குப் பதில் இருக்கு. அதுக்குத்தான் வீடு வீடாப் பிரிக்கச் சொல்லுதேன்.

நம்ம அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி எதுக்குப் போடுதோம்னு நெனச்சே? வெளிநாட்டுல இருக்குத ரெண்டு பேரு குடுத்தாலே வில்லுப்பாட்டுலேர்ந்து வாணவேடிக்கை வரைக்கும் ஆயிரும். இருந்தும் ஒவ்வொரு வீட்டுலயும் போயி நின்னு, இல்லாதவன்கிட்டயும் பத்து இருபதாவது வாங்கி, மைக்குல பேரைச் சொல்லுவோம். வரி குடுத்தவன் வீட்டுப் பையன் பந்தல்ல கை வைக்க மாட்டான், வச்சவனையும் விடமாட்டான். அமெரிக்காக்காரனுக்கு இது தெரியாதுன்னு நெனச்சிராதே. சுதந்திர தேவி சிலையைப் பிரான்ஸ்காரன் சும்மா குடுத்தும், பீடம் கட்டக் காசில்லாம கிடந்தப்ப, 1885-ல ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகையில, யாரு எவ்வளவு குறைச்சலாக் குடுத்தாலும் பேரு போடுவேன்னுட்டாரு. லட்சம் பேருக்கு மேல குடுத்தாவ. முக்காவாசிப் பேரு ஒரு டாலர் கூடக் குடுக்கல. ஒரு லட்சம் டாலருக்கு மேல சேர்ந்துட்டு. பத்திரிகையும் நல்லா வித்துச்சு, அதையும் சொல்லிப்புடணும்; புலிட்சர் ஒண்ணும் பண்டாரம் இல்ல.

குழந்தைப் புத்தகத்துக்கே வேணும்னா ஆரிகன் மாநிலத்துல போர்ட்லண்டைப் பாரு. பெவர்லி கிளியரியோட ரமோனா, ஹென்றி, அவன் நாய் ரிப்சி, மூணுக்கும் கிராண்ட் பார்க்ல 1995-லேர்ந்து சிலை இருக்கு. வாத்தியாருக, நூலகக்காரங்க, கடைக்காரங்க சேர்ந்து 'ஹென்றி ரமோனா நண்பர்கள்'னு 1991-ல ஒரு சங்கம் வச்சு, கொஞ்சங் கொஞ்சமாச் சேர்த்தாவ. வருசக்கணக்கா ஆச்சு, ஆகட்டுமே. கதையில வார கிளிக்கிடாட் தெரு பக்கத்துலயே நெசமாவே இருக்கு. வெயில் காலத்துல சிலையைச் சுத்தித் தண்ணி பீச்சும், பிள்ளைக நனைஞ்சுக்கிட்டே நாயைத் தடவுதுக. ஒரு சிலையை நனைஞ்சுக்கிட்டு பாக்கலாம்னு யோசிச்ச கமிட்டி நல்ல கமிட்டி.

அதனால பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கிட்ட சில்லறை வாங்கு. தொகைக்காக இல்லலே, அதுல வெண்கல வாத்தோட வாலு கூட வராது. அந்தப் பிள்ளை இருபது வருசம் கழிச்சு, அது என் காசுன்னு சொல்லும் பாரு, அதுக்கு. பெரிய தொகையைப் பெரிய ஆளுககிட்ட வாங்கு, சிலை யாரு வச்சதுன்னு கேட்டா பிள்ளைகளைச் சொல்லு. பெரிய ஆளுகளுக்கு இது கசக்கத்தான் செய்யும். பேரு வேணும்னா நடைபாதைக் கல்லுல பொறிச்சுக் குடு. சின்ன எழுத்துல.

சும்மா சொல்லக்கூடாது, பிள்ளைக் காசு விழுந்தாலும் களவு போகத்தான் செய்யும். ஆண்டர்சன் பக்கத்துல இருக்குத வாத்துக்குஞ்சை 1973-ல எவனோ அறுத்துட்டுப் போயி, பெறகு கிடைச்சுது. பாஸ்டன் குஞ்சுகளும் பல தடவை காணாமப் போயிருக்கு. 1991-ல அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதம் குறைக்குத ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாவல்லா, அப்ப புஷ் பொண்டாட்டி கோர்பச்சேவ் பொண்டாட்டிக்கு இதே மாதிரி வாத்து வரிசை ஒண்ணைப் பரிசாக் கொண்டு போனா. மாஸ்கோவுல நோவோதேவிச்சி மடத்துப் பக்கம் இருக்கு. அங்கயும் சிலது திருடு போயி, 2000-ல மறுபடி செஞ்சு வச்சாவ. அணுகுண்டைக் குறைக்க ஒத்துக்கிட்ட ஊர்லயும் வாத்துக்குக் காவல் போட முடியல. கோபன்ஹேகன் கடற்கன்னி கதை இன்னும் மோசம். கார்ல்ஸ்பர்க் பீர்க் கம்பெனி யாக்கோப்சன் ஒத்த ஆளாக் காசு போட்டு 1913-ல வச்சது. 1964-ல தலையை அறுத்தான், 84-ல கையை அறுத்தான், 98-ல மறுபடி தலை. 2003-ல வெடி வச்சுத் தண்ணிக்குள்ள தள்ளிட்டான். 64-ல போன தலை இன்னும் கிடைக்கல.

ஆனா பாஸ்டன்ல ஒரு வித்தியாசம் பாத்தேன். வாத்துகளுக்கு ஊர்க்காரங்களே சட்டை போட்டு விடுதாவ. பேஸ்பால் டீமு ஜெயிச்சா டீமு சட்டை, கொரோனா வந்தப்ப முகக்கவசம், பண்டிகைக்குத் தொப்பி. வருசா வருசம் அன்னையர் தினத்துக்குப் பிள்ளைக வாத்து வேசம் கட்டி ஊர்வலமா வருதுக. குஞ்சு ஒண்ணு காணாமப் போனா பத்திரிகைக்காரனுக்கு முன்னால தெருக்காரி கத்துவா. காவலுக்கு இதைவிட ஆளு வேணுமா?

செலவுக்கு வாரேன், சுருக்கமா. மெழுகுல செஞ்சு, அதுமேல அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வடிச்சுட்டு, அந்த இடத்துல வெண்கலத்தை ஊத்துத வேலைதான் அங்கயும். நம்ம சுவாமிமலை ஸ்தபதிமாரு தலைமுறை தலைமுறையாச் செய்யுதது. இவுக சாமி விக்கிரகத்தைக் கனமா வார்ப்பாவ. அங்க பெரிய சிலைக்கு உள்ள கூடு விட்டு, துண்டு துண்டா வார்த்து, பத்தவச்சுச் சேர்ப்பாவ. அதனால சிற்பி கூலி வேற, வார்ப்படக் கூலி வேற, தூக்கி வைக்கக் கிரேன் வேற, அஸ்திவாரம் வேற, இன்சூரன்ஸ் வேற. உன் அறிக்கையில 'சிலை'ன்னு ஒத்த வரியில ஒரு தொகை போட்டிருக்கே. 'விளம்பரம், விருந்து, பனியன்' மூணுக்கும் மூணு வரி. அதுலயே தெரிஞ்சு போச்சு, கணக்கு எழுதுனவன் பனியன் கடைக்காரன்தான்னு.

வச்ச பெறகும் செலவு நிக்காது. உங்க ஊருப் பனி, ரோட்டுல தூவுத உப்பு, புறா, எல்லாம் வெண்கலத்துக்கு ஆகாது. வருசத்துக்கு ஒரு தடவை கழுவி மெழுகு பூசணும். பிரிக்கிற காசுல ஒரு பங்கை இப்பவே தனியா பேங்குல போட்டுரு. முதலைத் தொடாம வட்டியில பாத்துக்கோ. நகராட்சி பாத்துக்கும்னு சொல்லுத வாயை நம்பாதே, அந்த வாயி அடுத்த தேர்தல்ல மாறிரும். எந்த இடத்துல வைக்கிறதுங்கறதுக்கும் நகரத்துக் கலைக்குழுகிட்ட எழுத்துல அனுமதி வாங்கு. பாஸ்டன்ல 1890-லேர்ந்தே அதுக்குன்னு ஒரு ஆணையம் இருக்கு. உங்க சின்ன ஊர்ல யாரு பாக்காவன்னு விசாரி. அந்த ஆளுகிட்ட முதல் நாளே போயி நின்னா கூட்டாளி, கடைசி நாள்ல போயி நின்னா எதிராளி.

கடைசியா ஒண்ணு. நம்ம பக்கத்துல ஒரு தலைவருக்குச் சிலை வைக்கப் பிரிச்ச காசு, பேரு வேண்டாம், இன்னும் கணக்குக்கு வரல. பிரிச்சவரு வீட்டுக்கு மாடி வந்துட்டு. அந்த மாடியைத்தான் சிலைன்னு நாங்க கும்பிட்டுக்கிட்டிருக்கோம். உன் பொருளாளர்கிட்ட ஒவ்வொரு மாசமும் வரவு செலவை நூலகத்து வாசல்ல ஒட்டச் சொல்லு. பத்துக் காசு போட்ட பிள்ளைக்கும் ரசீது குடு. ஒட்ட மாட்டேன்னு சொன்னாருன்னா, அவரை மாத்துறதுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

என் பங்கு ஐயாயிரம் ரூவா, உங்க அம்மை கணக்குல போட்டிருக்கேன். பீடத்தை எடுத்துட்டேன்னு எழுதுனாத்தான் அனுப்பச் சொல்லியிருக்கேன். புத்தகம் எதுன்னு முடிவானதும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. ரசீது உங்க பாட்டி பேருக்கு.